ஊத்துக்கு வேலி போட்டவன்

நாலு பக்கமும் உப்புத்தண்ணி, நடுவுல ஒரு தீவு, அந்தத் தீவுல பூமயில்னு ஒருத்தி இருந்தாளாம். கருவாடு காயப்போடுறவ, எதையும் சட்டுனு நம்ப மாட்டா. அங்க குடிக்க நல்ல ஊத்து ஒண்ணே ஒண்ணு. அதுல குடத்தை முக்கக் கூடாது, தேங்காச் சிரட்டையாலதான் மோக்கணும், அதுதான் வழக்கம். ஏன்னு இப்பவே கேக்காதீங்க.

அப்ப அக்கரையிலேருந்து மாணிக்கவேலுன்னு ஒரு வியாபாரி வந்தானாம். உங்க கடலைப் பாக்கச் சனத்தைக் கூட்டியாரேன், நீங்கல்லாம் செழிச்சுப் போவீகன்னானாம். சத்திரம் கட்டினான், சனமும் வந்துச்சு. அப்புறம் மீனெல்லாம் எனக்கேன்னான், குடுத்தாங்க. சீலா மீனு சத்திரத்துக்குப் போச்சு, பிடிச்சவன் வீட்டுல வெறும் ரசம். அப்புறம் இளநியெல்லாம் எனக்கேன்னான், அதையும் குடுத்தாங்க. அரிசி அக்கரை அரிசி, ஆளும் அக்கரை ஆளு, தீவுக்காரனுக்கு எச்சி இலை எடுக்கிற வேலை. ஒவ்வொரு தடவையும் பூமயில் கேப்பா: "வர்றது அவுக, விக்கிறது நீ, எங்களுக்கு என்ன மிஞ்சும்?" ஊரு அவளைத்தான் வைஞ்சுச்சு.

மூணாவதா ஊத்தும் எனக்கேன்னான். யாரும் வாய் தொறக்குமுன்னே முள்வேலி போட்டுட்டான். போட்டுட்டு, கிணறாத் தோண்டுங்கடான்னு ஆளை விட்டான். பூமயில் ஓடிவந்தா.

"ஆழமாத் தோண்டாதய்யா. நல்லதண்ணி மேலாப்புலதான் நிக்கிது, அடியில கெடக்கிறது கடலு. அதுக்குத்தான் சிரட்டையால மோக்குறோம்."

இவ நம்ம பொழப்பைக் கெடுக்கப் பாக்குறான்னு அவனுக்குச் சந்தேகம். அவளுக்கு மட்டுந்தான் சந்தேகம் வரணுமா என்ன? இன்னும் தோண்டு, இன்னும் தோண்டு, இன்னும் தோண்டுன்னான். குபுகுபுன்னு வந்துச்சு தண்ணி. வாயில வச்சா கடலேதான். சத்திரத்துச் சனம் துப்பிட்டுத் தோணி ஏறிருச்சு, சமையக்காரனும் கூடவே ஏறிட்டான்.

தீவுச் சனம் தென்கோடி மணலைக் கையால பறிச்சு, சொட்டுச் சொட்டா ஊறுறதை மோந்துக்கிட்டுக் கெடந்துச்சு. அங்க நாக்கு வறண்டு வந்து நின்னான் மாணிக்கவேலு, என்ன கேட்டாலும் தாரேன், ஒரு வாய் தண்ணி குடுங்கன்னு. பூமயிலுக்கு அவன் மேல அப்படியொரு கோவம். ஆனாலும் சிரட்டையை நீட்டினா.

"தண்ணியை விக்கிற பழக்கம் எங்களுக்கில்ல. குடி. குடிச்சிட்டு, நீ தோண்டின குழியை நீயே மூடு."

மூடினான். வேலியையும் அவனே பிரிச்சான், கையெல்லாம் முள்ளு. மழை பெஞ்சு ஊத்து பழையபடி இனிக்கிற வரைக்கும், தென்கோடியிலேருந்து வீட்டு வீட்டுக்கு அவந்தான் தண்ணி சுமந்தான்.

இப்பவும் அங்க யாரு வந்து எறங்கினாலும் முதல்ல ஒரு சிரட்டை தண்ணி குடுப்பாகளாம். குடுத்துட்டு, மம்பட்டி கொண்டு வந்திருக்கானான்னு கையைப் பாப்பாகளாம்.

சிரட்டையும் காஞ்சுது, கதையும் ஓஞ்சுது, கண்ணை மூடுங்க.