தராசில் ஏறிய சாம்பல்

முன்னொரு காலத்தில், முகஸ்துதிக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் அரண்மனைகளில் மட்டும் இருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் ஒரு வினோதச் சட்டம். ஒருவரை ‘நல்லவர்’ என்று யாரும் சொல்லலாம். ‘இன்னாரை விட மேலானவர்’ என்றால் மட்டும், இருவரையும் தராசு மண்டபத்தில் நிறுத்துக் காட்ட வேண்டும். தவறினால் நாக்கு போய்விடும். எடை கூடியவரே மேலானவர் என்பதால், தொந்தி பெருத்த மந்திரிகள் இந்தச் சட்டத்தை மெச்சினார்கள்.

ஒருநாள் ராஜா முகம் சுளித்தார். “நல்ல ராஜா, நல்ல ராஜா என்று கேட்டுக் காது புளித்துவிட்டது. என் தகப்பனாரை விட மேலானவன் என்று ஒருவரும் சொல்லவில்லையே?”

தகப்பனார் இறந்து ஏழு வருஷம். அரண்மனை விகடன் சொக்கநம்பியைக் கண்டாலே வயிறு எரியும் மந்திரி மழவராயர் எழுந்தார்.

“சொக்கநம்பி நேற்றே என்னிடம் அப்படிச் சொன்னானே, மகாராஜா” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

“நாளை நிறுத்துக் காட்டட்டும்.”

இல்லையென்று மறுத்தால் ராஜாவுக்குக் கோபம் வரும். சொக்கநம்பி “உத்தரவு” என்றான்.

மறுநாள் ஜன்னலில்லாத அந்த மண்டபத்தில், பழைய ராஜாவின் சாம்பல் வைத்திருந்த செப்புக் கலசம் ஒரு தட்டில் இருந்தது. ராஜா மறுதட்டில் அமர்ந்தார். கலசம் மெல்ல உயர்ந்து அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

“ஜெயித்துவிட்டேன்” என்றார் ராஜா. குரலில் தெம்பில்லை.

“இன்னும் இல்லை, மகாராஜா. நெல்லோடு நெல்லைத்தான் ஒப்பிட வேண்டும். அவர் சாம்பல், தாங்கள் உடம்பு.” சொக்கநம்பி சுவரோரத் திரையை விலக்கினான். பின்னால் சந்தனக் கட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. “தாங்களும் சாம்பலாகிவிட்டால் நிறுத்துவிடலாம்.”

ராஜா இறங்கினார். கலசத் தட்டு, யாரோ உட்கார்ந்தது போல, சத்தமில்லாமல் தாழ்ந்தது.

“இவன் ராஜத்துரோகி” என்று மழவராயர் பதறினார்.

“நிறுக்கச் சொன்னது தாங்கள் அல்லவா?” என்றான் சொக்கநம்பி, ராஜாவைப் பார்த்து.

ராஜா கலசத்தையே பார்த்தார். “இதற்கு இப்போது என்ன அவசரம்?”

“அவசரமே இல்லை, மகாராஜா. சரக்கு தானாக வந்து சேரும்.”

ராஜா கட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டார். “இனி என்னை நல்லவன் என்று மட்டும் சொன்னால் போதும். ‘இன்னாரை விட’ என்பது வேண்டாம்.”

அந்தக் கட்டைகளை மட்டும் அவர் அப்புறப்படுத்தச் சொல்லவில்லை. எப்படியும் ஒருநாள் தேவைப்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.