கரைக்குக் கீழே ஒரு பந்தி

மாறநேரி ஜமீன்தார் ஏரி கட்டினார். மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கை மட்டும் கட்டவில்லை. அதற்கு வந்த கல்லெல்லாம் அவர் மாளிகை வாசலுக்குப் போய்விட்டது. கரையடிப் பள்ளத்தில் எங்கள் குடிசைகள். போய் முறையிட்டோம்.

“எந்த மழைக்கும் இந்தக் கரை அசையாது. பயந்தவன் ஊரைவிட்டுப் போகட்டும்!” என்றார்.

ஜமீன் சமையல்காரி வேலாத்தாளும் எங்கள் பள்ளத்துக்காரிதான். ஏரி நிறைந்தால் கரை கட்டியவர் குடும்பத்தோடு ஏரியருகே விருந்துண்பது வழக்கம். ஏரி நிறைந்து விருந்து வைத்த அன்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வேலாத்தாள் பள்ளத்தில் பந்தி விரித்தாள். முதல் இலை ஜமீன்தாருக்கு, அடுத்தவை அவர் பிள்ளைகளுக்கு.

“இங்கே எவடி இலை போடச் சொன்னது?”

“கரை அசையாதுன்னு எஜமான்தானே சொன்னீங்க? இங்க உட்கார என்ன பயம்?”

ஜமீன்தார் கரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்தது.

“பிள்ளைகளைத் தூக்குங்கடா! இலையை மேட்டுக்கு மாத்துங்கடா!” என்று கத்தினார்.

ஊர் சிரித்தது. இலை மேடேறியது, சோறு மேடேறியது, அவர் நாய்கூட மேடேறியது. மழை பிடித்துக்கொண்டபோது பள்ளத்தில் மிஞ்சியது நாங்கள்தான்.