முயல் வேஷம் கட்டிய அரசர்

அந்தக் காட்டில் கோடைக்கு மிஞ்சியது ஒரே ஒரு குளம். காட்டரசரான பன்றி கரியன் காலை முதல் மாலை வரை அதில்தான் கிடப்பார். அவர் எழுந்து போகும்வரை யாரும் தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது. போன பிறகு சேறுதான் மிஞ்சும்.

பஞ்சி என்ற முயலின் குட்டிகளுக்கு நாக்கு வறண்டு கிடந்தது. அரசரிடம் கேட்கலாமென்றால், நாலு பேர் எதிரில் பஞ்சிக்குக் குரலே எழும்பாது. ஆனால் வருஷா வருஷம் காட்டுத் திருவிழாவுக்குக் கூத்து எழுதுவது அவள்தான்.

விழாத் தலைவர் மயில் அவளைக் கூப்பிட்டார். "இதோ பாரம்மா, புத்திமதி எதுவும் வேண்டாம். நாலு ஆட்டம், நாலு சிரிப்பு. கூத்துன்னா அவ்வளவுதான். அரசருக்கும் ஒரு வேஷம் கொடுத்துடு."

"முயல் வேஷம் இருக்குங்க," என்றாள் பஞ்சி, தரையைப் பார்த்தபடி. "அதுக்குத்தான் சிரிப்பு அதிகம்."

குளத்தில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்த அரசருக்கு வாயெல்லாம் பல். "அப்போ அது எனக்குத்தான்!"

ராத்திரியில் அரசர் தூங்கிவிடுவார் என்பதால் கூத்து பட்டப்பகலில் நடந்தது. கட்டிய வேஷத்தை ஆட்டம் முடியும்வரை கலைக்கக் கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம். அரசன் வேஷம் கட்டிய ஒரு கீரி, உடம்பெல்லாம் சேறு பூசிக் குளத்தோரம் கிடந்தது. கரியன் இரண்டு இலைக் காதுகளைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார்.

"அரசே, ஒரு வாய் தண்ணி!"

"நான் குளிச்சு முடிக்கட்டும், போ."

கூட்டம் சிரித்தது. கரியன் குஷியாகி மறுபடி கெஞ்சினார். கீரி மறுபடி விரட்டியது. வெயில் ஏறியது. எப்போதும் சேற்றில் ஊறிய உடம்பு காய்ந்து எரிந்தது.

"டேய் கீரி, நிஜமாவே தாகம்டா."

"ஆஹா, என்ன நடிப்பு!" மயில் தோகையைச் சிலிர்த்தார்.

கீரி சோம்பலாகப் புரண்டது. "பொறுத்துக்கோ முயலே. உன் தாகத்தைவிட என் குளிர்ச்சி முக்கியம்."

அது கரியன் தினமும் சொல்லும் வார்த்தை. அவர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் பஞ்சியின் குட்டிகள் இருந்தன. அவை மட்டும் சிரிக்கவில்லை.

"குட்டிகளா, முதல்ல நீங்க குடிங்க," என்றார் கரியன்.

"அரசே, அது வசனத்துல இல்லையே!" மயில் பதறினார்.

"இப்போ நான் முயல். நீ சும்மா இரு."

மரத்துக்குப் பின்னால் நின்ற பஞ்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் முதல் அரசர் குளத்தைவிட்டுத் தள்ளி ஒரு பள்ளத்தில் புரண்டார். மயிலுக்கு மட்டும் ஒரே குறை, கடைசிக் காட்சியில் ஆட்டமே இல்லையாம்.

அடுத்தவர் தாகத்தை நம் நாக்கில் உணர வைப்பதுதான் நாடகத்தின் வேலை.