புழுக்களுக்கு வைத்த விருந்து

ராஜாக்களில் பலவிதம் உண்டு, கேளுங்கள். சண்டைக்கார ராஜா, தூங்குமூஞ்சி ராஜா எல்லாம் நமக்குப் பழக்கம்தான். வெகு காலத்துக்கு முன்னே வட்டிலூரை ஆண்ட நல்லமாறன் உபசரிக்கிற ராஜா. யார் வந்தாலும் மூன்று முறை பரிமாறாமல் விடமாட்டார். போதும் என்று இலையை மறைத்தால், மறைத்த கையின் மேலேயே ஊற்றிவிடுவார்!

ஒருநாள் காட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொன்னிற அந்துப்பூச்சியைப் பார்த்துச் சொக்கிப்போனார். அரண்மனை முழுக்க இவை பறக்க வேண்டும் என்று, காட்டில் தேனெடுத்துப் பிழைக்கும் காத்தாயிக்கு ஆணையிட்டார். அவள் அந்தப் பூச்சியின் புழுக்கள் நாற்பதை, அவை மேய்ந்த மருத மரக்கிளையோடு கொண்டுவந்து வைத்தாள்.

என் விருந்தாளிக்கு வெறும் தழையா என்று ராஜா கிளையைத் தூக்கி எறிந்தார். நாற்பது குட்டி வாழையிலைகள் போட்டார். முதல் நாள் பாயசம். புழுக்கள் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் தேன், அதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் நெய்ச்சோறு. ஒரு புழு நெய்யில் விழுந்து, அதைத் தூக்கிவிட மந்திரி வரவேண்டியதாயிற்று.

புழுக்கள் துவண்டன. ராஜாவுக்கு மானம் போயிற்று. இவை செத்தால் நீ காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று காத்தாயியிடம் சொல்லிவிட்டார். அந்தக் காட்டை விட்டால் அவளுக்குப் பிழைப்பு ஏது?

அவள் ராஜாவை உட்கார வைத்து, இலை போட்டு, மருதந்தழையைப் பரிமாறினாள். விருந்தை மறுக்க அவரால் முடியுமா? முதல் கவளத்தில் கண்ணில் நீர் வந்தது. இரண்டாவதில் காது சிவந்தது. மூன்றாவதற்கு இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார்.

"போதும் தாயி, என்னால முடியாது."

"அதுங்களும் மூணு நாளா அதத்தான் சொல்லுதுங்க, மகாராசா."

ராஜா விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரீடம் சரியச் சரிய அவரே மருத மரத்தில் ஏறித் தழை பறித்தார். புழுக்கள் மொறுமொறுவென்று தின்றன, கூடு கட்டின, ஒரு மாலையில் பொன்னிறப் பூச்சிகளாக வெளியே வந்தன. ராஜா முந்திக்கொண்டு ஒரு கூடை மருதந்தழையோடு ஓடிவந்தார்.

"இப்ப இதுங்களுக்குத் திங்க வாயே கெடையாது, மகாராசா" என்றாள் காத்தாயி.

ராஜா கூடையைக் கீழே வைத்தார். பிறந்தது முதல் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "அப்ப இதுங்களுக்கு என்னதான் வேணும்?"

"சன்னலத் திறந்து விடுங்க. முட்டையிட மருத மரத்துக்குப் போவணும்."

அரண்மனைச் சன்னல்கள் அத்தனையையும் ராஜாவே திறந்தார். நாற்பதும் காட்டைப் பார்த்துப் பறந்தன. அவர் செருப்புகூடப் போடாமல் கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.

ஆகவே, விருந்தாளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்து செய்வதே உண்மையான உபசாரம்.