மொட்டைத் துத்தி

குருவுக்கு முப்பத்தொன்பது வயது, சீடருக்கு ஐம்பத்தொன்று. குரு டாக்டர் ஜெசிந்தா, தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். சீடர் ஆவுடையப்பன் பள்ளிக்கூட வாத்தியார். தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்கு ஆசைப்பட்டு அவரிடம் வந்து சேர்ந்தவர்.

ஜெசிந்தாவின் பேர் சொல்ல ஒரு செடி உண்டு. துத்தி இலையின் அடிப்பக்கத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாக ரோமம் தெரியும். மலை ஓடையோரம் மர நிழலில் அவர் கண்டெடுத்த செடியில் ஒன்றுகூட இல்லை. பத்து வருஷத்துக்கு முன் அதைப் புதிய இனம் என்று எழுதி, காலமான தன் தாயார் ரோசம்மாளின் பெயரை வைத்தார். கல்லூரிக்காரர்களுக்கு அது மொட்டைத் துத்தி.

துத்தி, மொட்டைத் துத்தி இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆவுடையப்பனின் வேலை. ஒரு நாள் காலை அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றார்.

ஜெசிந்தா கடைசி வரியை உரக்க வாசித்தார். "'மேலும் ஆய்வு தேவை.' இது செடிக்குத் தேவையா சார், உங்களுக்கா?"

"ஒரு சந்தேகம் மேடம். நுண்ணோக்கி ரெண்டு செடிங்குது. மரபணு ஒரே செடிங்குது. எத நம்ப?"

"எத்தனை தடவ பாத்தீங்க?"

"நாலு தடவ. நாலுலயும் ஒரு எழுத்து பிசகல."

"பொறவு என்ன சந்தேகம்?"

வாத்தியார் நெளிந்தார். "அதோட நிக்கல. ஓடைக்கரைச் செடியில ஒரு கொப்ப ஒடிச்சு, எங்க வீட்டு மொட்டமாடியில வெயில்ல நட்டு வச்சேன்."

"பொழச்சுதா?"

"நல்லாத் தழைச்சுட்டு."

"புது இலையப் பாத்தீங்களா?"

ஆவுடையப்பன் பையிலிருந்து, புது இலைத் துணுக்கு ஒட்டிய ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துக் கொடுத்தார். ஜெசிந்தா அதை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தார். இலை முழுக்க நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. நிழலில் வேண்டியிராத ரோமம் வெயிலுக்கு வந்ததும் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் கண்ணை எடுக்க வெகுநேரமாயிற்று.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"மூணு மாசமா."

"மூணு மாசமா இதப் பையில வச்சுக்கிட்டா அலையுதீங்க?"

"உங்க அம்மா பேரு மேடம். எழுதக் கை வரல. என் பட்டமும் உங்க கையெழுத்துலதான் இருக்கு. அந்தப் பயமும் உண்டு."

ஜெசிந்தாவுக்கு வலித்தது. அதை மறைக்கவும் இல்லை, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு கொப்ப வெயில்ல வச்சுப் பாக்க எனக்குத் தோணல பாருங்க. மொட்டமாடி எங்க வீட்லயும்தான் இருக்கு."

அறிக்கையின் கடைசி வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பீரோவைத் திறந்து, மொட்டைத் துத்தியைக் காயவைத்துத் தைத்திருந்த அட்டையை எடுத்து மேசையில் விரித்தார். அட்டையின் கீழ்மூலையில் அவருடைய சீட்டு இருந்தது: செடியின் பெயர், அவர் பெயர், தேதி. ஒரு வெற்றுச் சீட்டையும் பசைப் புட்டியையும் சீடர் பக்கம் தள்ளினார்.

"துத்தினு எழுதுங்க. உங்க பேரும் தேதியும் போடுங்க."

ஆவுடையப்பன் எழுதினார். எழுதி முடித்ததும் பழைய சீட்டின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பினார்.

"என்ன செய்யுதீங்க?"

"தப்புல்லா மேடம். உங்க பேரு இதுல கெடக்க வேண்டாம்னுதான்..."

"கைய எடுங்க. இங்க யாரு சீட்டையும் யாரும் பிய்க்கது இல்ல. அது மறையாம மேப்பக்கம் ஒட்டுங்க."

மேலே நிறைய இடம் மிச்சமிருந்தது. ஆவுடையப்பன் பசை தடவி, நிம்மதிப் பெருமூச்சோடு, தன் சீட்டை அந்த இடத்தின் நட்டநடுவில் வைக்கப் போனார்.

"நடுவுல வேண்டாம் சார்," என்றார் ஜெசிந்தா. "என்னுதுக்குப் பக்கத்துலயே வைங்க. அடுத்து வாறவங்களுக்கு இடம் வேணும்லா."