மயில் ஆடிய மெஸ்

திண்டுக்கல்லில் மெஸ் நடத்திய உலகநாதனுக்குத் தன் இணையதளத்தில் ஒரே பெருமை. திறந்ததும் மயில் ஆடும், பூமாரி பொழியும். ஆர்டர் பொத்தானோ விரல் பட்டதும் நழுவி ஓடும். எல்லாம் அவரே அடம்பிடித்துப் போடச் சொன்னவை.

"ஒரு ஆர்டர்கூட வரலையேம்மா! மயில் மேல கை வைக்காம ஆர்டரை வர வை. இல்லேன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று, தளத்தை வடிவமைத்த பூங்கோதையிடம் எகிறினார்.

"சரிங்க ஐயா, முதல்ல சாப்பிடுங்க" என்ற பூங்கோதை, பரிமாறும் அந்தோணியின் காதில் ஏதோ சொன்னாள்.

அந்தோணி இலையைப் போட்டான். சோற்று வாளியோடு இடுப்பை வளைத்து ஆடினான். முதலாளி தலையில் சாமந்தியைத் தூவினான். பசி தாங்காமல் அவர் கரண்டியை எட்டிப் பிடிக்க, நழுவி அடுத்த மேசைக்கு ஓடினான்.

"டேய், முதல்ல சோத்தைப் போடுடா!"

"உங்க தளத்துக்கு வர்றவங்களும் அதைத்தானே ஐயா கேக்குறாங்க?" என்றாள் பூங்கோதை.

கடையே சிரித்தது. உலகநாதன் ரசம் வரை வாங்கிச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டுச் சாய்ந்தார்.

"பொத்தானை நகராம முதல்ல வை. ஆர்டர் போட்டு முடிச்சப்புறம் மயில் ஆடட்டும்" என்றவர், அந்தோணி பக்கம் திரும்பினார்.

"நீ இப்ப ஆடுடா, பார்ப்போம்."