மாப்பிள்ளைக்கு முதல் டம்ளர்

தேர் தெருமுனை திரும்பிவிட்டது. வெயிலில் வெந்து வரும் கூட்டத்துக்கு எலுமிச்சம் பானகம் கொடுப்பது பண்ணையார் சடகோபனின் உபயம். தன் பெயர் பொறித்த பித்தளை அண்டாவைப் பந்தலில் இறக்கி, "இதிலதான் கரைக்கணும்" என்றார்.

சமையற்காரி தையல்நாயகி உள்ளே எட்டிப் பார்த்தாள். ஈயப்பூச்சு தேய்ந்து பச்சைப் பசேலென்று களிம்பு. "ஐயா, இதுல புளிப்பு பட்டா விஷமாயிடும். மண்பானை கழுவி வெச்சிருக்கேன்."

"ஊர்ச்சனத்துக்கு ஒண்ணும் ஆகாது. முடியாதுன்னா இனிமே இந்தப் பந்தல் பக்கம் வராதே!"

அவள் அண்டாவை ஓலைத் தட்டியின் மறைவுக்கு இழுத்துப் போனாள்.

தேர் வந்து நின்றது. முதல் டம்ளரை உபயக்காரர் வீட்டாருக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். தையல்நாயகி டம்ளரோடு வெளியே வந்தாள். பண்ணையாரைத் தாண்டி, அவருடைய புது மாப்பிள்ளையிடம் நீட்டினாள். அவர் வாயருகே கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க மாப்பிள்ளை! விஷம்!" பண்ணையார் பாய்ந்து கையைப் பிடித்தார்.

மேளம் நின்றது. தையல்நாயகி அந்த டம்ளரை வாங்கி மடமடவென்று தானே குடித்தாள்.

"இது மண்பானையில கரைச்சதுங்க. உங்க அண்டாவுல ஒரு சொட்டு விழல. மாப்பிள்ளைக்கு விஷம்னா ஊருக்கு மட்டும் எப்படிங்க பானகம்?"

அவள் அண்டாவைப் பந்தல் நடுவில் கவிழ்த்து, அதன்மேல் மண்பானையைத் தூக்கி வைத்தாள். பண்ணையார் பெயரைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே ஊர் பானகம் குடித்தது.